பனோரமாவில் கேட் மட்டும் உடைந்து தெரிகிறது, நிரலில் என்ன தப்பு?

நிரலில் கை வைக்காதீர்கள். படங்களை ஒட்டித் தரும் ஓபன்சிவி ஸ்டிட்சரில் நாலு படம் கொடுத்தால் பின்னணி சரியாக ஒட்டுகிறது, முன்னால் இருக்கும் கேட் மட்டும் துண்டுதுண்டாகிறது என்கிறீர்கள். எடுக்கும்போது நகர்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

மயிலாப்பூர் தெப்பக்குளம். ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்றால் தண்ணீருக்கு அந்தப்புறம் கபாலீஸ்வரர் கோயிலின் மேற்குக் கோபுரம் தெரியும். காலேஜ் ப்ராஜெக்டுக்காகக் கரையோரம் நடந்துகொண்டே ஒன்பது படம் எடுத்தேன். ஒட்டியதும் கோபுரம் கச்சிதம். குளத்துக் கம்பிவேலி மட்டும் ஒவ்வொரு இணைப்பிலும் முறிந்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்த காகத்துக்கு இரண்டு அலகு. படங்களில் அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் சிஃப்ட் முறைக்குப் பதில் ஆர்ப் முறையைப் போட்டேன். சந்தேகமான பொருத்தங்களைக் கழிக்கும் ரேஷியோ டெஸ்டை 0.8இலிருந்து 0.6 வரை இறக்கினேன். கம்பி முறிந்தபடியேதான் இருந்தது.

கேமரா நின்ற இடத்திலேயே திரும்பினால்தான் கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே ஹோமோகிராஃபிக்குள், அதாவது ஒரு படத்தை இன்னொன்றின் மேல் பொருத்தும் ஒரே கணக்குக்குள், அடங்கும். ஓரடி தள்ளினாலும் படத்தில் கம்பி எங்கேயோ போய்விடும், கோபுரம் அசையாது. அந்தக் கணக்கைத் தேடும் ரேன்சாக் முறை நாலு நாலு புள்ளி ஜோடியாக எடுத்து, எதற்குப் பெரும்பான்மை ஒத்துவருகிறது என்று பார்க்கிறது. சிற்பம் நிறைந்த கோபுரத்தில்தான் புள்ளிகள் அதிகம். அது ஜெயிக்கும், கம்பியின் புள்ளிகள் பிழை என்று கழிந்துபோகும்.

என் அப்பா கொத்தனார். படத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏன் தம்பி நடக்குற, ஒரே எடத்துல நில்லேன்" என்று தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தார். நடைபாதையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். போன் லென்ஸுக்கு நேர் கீழே நூலை ஒட்டி, குண்டின் முனை புள்ளியை விட்டு விலகாமல் நான் போனைச் சுற்றி நகர்ந்தேன். எக்ஸ்போஷரைப் பூட்டினேன். அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக விழும்படி பார்த்துக்கொண்டேன். வேலி வில்லாக வளைந்து வந்தது, படத்தை உருண்டை மேல் ஒட்டியதுபோல் விரிக்கும் கோள வார்ப்பில் அப்படித்தான் வரும். ஆனால் ஓரிடத்திலும் முறியவில்லை.

பேரலாக்ஸை, அதாவது நாம் நகரும்போது கிட்டே இருப்பது தூரத்தில் இருப்பதைவிட அதிகம் இடம்மாறுவதை, தாங்கும் முறைகள் எப்போதோ வந்துவிட்டனவே என்று கமெண்டில் எழுத வருபவர்களுக்கு: தெரியும். முயன்றும் பார்த்தேன். மெல்லிய கம்பியில் அவை திணறுகின்றன.

அந்தப் படத்தை ஒரு நிறுவனம் தன் காலண்டரில் அச்சடித்தது. என்னைக் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. வேலியின் வளைவை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தங்கள் விளம்பரத்தை வைத்தார்கள். அப்பா பெருமையாக அதை வாங்கிவந்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கேட் ஐந்தாறு அடிக்குள் இருந்தால் குண்டு கட்டாமல் எடுக்காதீர்கள்.