ராத்திரி ஓடுற யோசனைய பகல்ல எழுதி வைங்க

கேள்வி: திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். கூட வேலை பாக்குற அக்கா கேட்டாங்கன்னு சீட்டுல சேர்ந்துட்டு இப்ப மாசாமாசம் கட்ட முழி பிதுங்குது. சித்தி பையனுக்கு கைமாத்தா பணம் கொடுத்தேன், அவனுக்கு வேலை போனதால திரும்பி வரல. வாஷிங் மெஷின் மட்டும்தான் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன், நல்லா ஓடுது. இப்ப நாத்தனார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேக்குறாங்க. ராத்திரி படுத்தா 'நான் ஏன் இப்படி இருக்கேன்'னு மனசுல ஓடிட்டே இருக்கு. நல்ல முடிவு எடுக்க எப்படி பழகுறது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன் தோழி. உங்களுக்கு முடிவெடுக்க தெரியலன்னு எனக்கு தோணல, வாஷிங் மெஷின் விஷயத்துல எவ்ளோ பொறுமையா விசாரிச்சிருக்கீங்க, அங்க யாரும் உங்க முகத்த பாத்துகிட்டு பதிலுக்கு நிக்கல, சீட்டுல மட்டும் கேட்டவங்க எதிர்ல நிக்கும்போதே சரின்னு சொல்லிட்டீங்க போல. 'ஏன் இப்படி இருக்கேன்'னு கேட்டா நம்ம மனசு நம்மளயே திட்டிட்டு தூங்கவிடாம பண்ணும், வேற ஒன்னும் கிடைக்காது. அன்னிக்கு யார் கேட்டாங்க, எந்த நேரம், வேணாம்னு சொன்னா என்ன ஆயிடும்னு பயந்தேன், இத கேளுங்க.

சித்தி பையன் விஷயத்துல உங்கள நீங்களே ரொம்ப வதைக்கிறீங்க. கொடுத்தப்ப அவன் வேலையில இருந்தானே? 1972-ல அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போறதுக்கு முன்னாடி, இஸ்ரேல்ல ஃபிஷாஃப், பெய்த்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட எது எது நடக்க எவ்ளோ சான்ஸ்னு நம்பர் போட சொன்னாங்க, பயணம் முடிஞ்சப்புறம் அன்னிக்கு என்ன போட்டீங்கன்னு ஞாபகப்படுத்தி எழுத சொன்னா, நடந்துட்ட விஷயத்துக்கு முன்னாடியே ஜாஸ்தி போட்டிருந்ததா எழுதுனாங்க. நமக்கும் அதேதான் நடக்குது, 'அப்பவே தெரியும்'னு மனசு பின்னாடி போய் கணக்க மாத்திடும். நீங்க யோசிக்க வேண்டியது ஒன்னுதான், அந்த பணம் வராமப் போனாலும் தாங்குற அளவுக்குத்தான் கொடுத்தேனா.

அதனாலதான் எழுதி வைக்க சொல்றேன், அதுவும் முடிவுக்கு முன்னாடியே. சின்ன டைரி போதும். தேதி, என்ன முடிவு, எதுக்காக, என்ன நடக்கும்னு நினைக்கிறேன், அப்ப பசியா டென்ஷனா அவசரமா, நாலு வரி. மாசக் கடைசியில எடுத்து படிங்க, எந்த மாதிரி ஆளுங்ககிட்ட எந்த நேரத்துல சறுக்குறீங்கன்னு உங்க கையெழுத்துலயே தெரியும். குழம்பு வைக்க, புடவை எடுக்கவெல்லாம் இது வேணாம், பணம், வாக்கு, கையெழுத்து இந்த மூணுக்கு மட்டும். (அந்த சீட்டு பதிவு பண்ணினதான்னு மொதல்ல விசாரிங்க, 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு கட்டாயம்.)

இப்ப நாத்தனார். ஜாமீன்ங்கிறத சும்மா ஒரு கையெழுத்துன்னு நினைச்சுடாதீங்க. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா, கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு, 1872 ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு அத தெளிவா சொல்லுது, அவங்க கட்டலன்னா பேங்க் நேரா உங்ககிட்ட வரலாம். அதனால 'பேப்பர கொடுங்க அண்ணி, படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. லோன் எவ்ளோ, எத்தனை வருஷம், மாசத் தவணை உங்க சம்பளத்துல எவ்ளோன்னு டைரியில போடுங்க, வீட்டுக்காரரயும் பக்கத்துல உக்கார வைங்க. முழு கடனையும் நீங்களே கட்ட வேண்டி வந்தா முடியுமான்னு பாருங்க, முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை வேணாம்னு சொல்லிடுங்க. அண்ணிக்கு வருத்தம் இருக்கும், கொஞ்ச நாள் பேச்சு குறையலாம், அதுக்கு தயாரா இருங்க.