ஃபின்லாந்தின் எஸ்போ நகரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு

உங்கள் கடிதம் படித்தேன் அம்மா. மகள் ஃபின்னிஷ் வழியிலேயே படித்து வளர்ந்தவள். தம்பெரே நகரில் நிர்வாகவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். மருத்துவம் அங்கே கிடைக்காவிட்டால் கடன் வாங்கியாவது வேறு நாட்டில் சேர்த்துவிடுங்கள் என்று அவள் பெரியப்பா நெருக்குகிறார். கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களுக்கு உபயோகமில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள்.

அரசியல், நிர்வாகமெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபின்லாந்தின் முன்னாள் பிரதமர் சன்னா மரின் எந்தப் பெரிய இடத்துப் பிள்ளை? பெற்றோர் பிரிந்த வீடு, காசுக்குத் திண்டாட்டம். பேக்கரியில் வேலை பார்த்தார், கடையில் கல்லாவில் நின்றார். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவர்தான். 2008 தம்பெரே நகர்மன்றத் தேர்தலில் தோற்றார். 2012-இல் ஜெயித்தார், அடுத்த வருடமே மன்றத் தலைவர். 2015-இல் எம்.பி. 2016-இல் ஊருக்கு டிராம் வேண்டுமா என்ற விவாதம் மணிக்கணக்கில் இழுத்தது. சுற்றி வளைத்துப் பேசியவர்களை அவர் இடைமறித்து வழிக்குக் கொண்டுவந்த வீடியோ நாடெங்கும் பரவியது. 2019 ஜூனில் போக்குவரத்து, தகவல்தொடர்பு அமைச்சர். டிசம்பரில், 34 வயதில், பிரதமர். அவர் படித்ததும் அதே தம்பெரே, அதே நிர்வாகவியல். முதுகலைப் பட்டத்தை 2017-இல்தான் முடித்தார்.

உங்கள் மகள் பிரதமராவாள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது என்கிறேன். அந்த நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட நகராட்சிகள். 2023 முதல் மருத்துவமனைகளையும் சமூக சேவைகளையும் நடத்தும் 21 நலப் பிராந்தியங்கள். அப்புறம் அமைச்சகங்கள். வரவுசெலவு போட, சட்டம் பார்க்க, பள்ளியையும் பேருந்தையும் திட்டமிட எல்லா இடத்திலும் ஆள் வேண்டும். ஃபின்னிஷ் மொழியில் எழுதப் பேசத் தெரிந்த உங்கள் பெண்ணுக்கு அது பெரிய பலம். குடியுரிமை வரும்வரை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாதுதான். ஆனால் நகர்மன்றத்துக்கு அது தேவையில்லை. 18 வயதாகி, இரண்டு வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருந்தால் ஓட்டும் போடலாம், போட்டியும் இடலாம்.

நகர இளைஞர் மன்றத்தில் இரண்டு வருடமாக இருக்கிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். யாரும் சொல்லி அவள் அங்கே போகவில்லை, தானாகவே போனாள்.

செலவைப் பற்றி ஒன்று. ஃபின்னிஷ் வழிப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. அதை விட்டுவிட்டு, அவள் கேட்காத படிப்புக்கு வீட்டைக் கடனில் தள்ளுவது தப்பு. ஃபின்லாந்திலேயே அவளுக்குப் பிடிக்காத ஒரு படிப்பில் கிடைக்கும் இடத்தை ஏற்க வைப்பதும் தப்பு. ஒருமுறை ஏற்றுக்கொண்டால், முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கான ஒதுக்கீடு அடுத்த தடவை அவளுக்கு இல்லாமல் போகலாம்.

மார்ச்சில் நடக்கும் உயர்கல்விப் பொது விண்ணப்பத்தில் ஆறு படிப்புகள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். கடைசித் தேதி தாண்டினால் வரிசையை மாற்ற முடியாது. முதல் இடத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பெரியப்பாவிடம் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.