வடைக்கு வந்த கதி

கேள்வி: ஆசிரியர் ஐயா, டிசம்பர் கடைசியில் அலுவலகம் மூடிய இரண்டு வாரத்தில், வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளை எல்லாம் முடித்துவிடலாம் என்று பெரிய பட்டியல் போட்டேன். ஒழுகும் குழாய், சாத்த வராத கதவு, உரிந்த சுவர். ஒன்றும் முடியவில்லை. தினமும் ஒரு கேக் செய்ததுதான் மிச்சம். இது சோம்பேறித்தனமா?
(ஒரு வாசகி, ரோஸ்ஹில்)

பதில்: எந்தக் கேக், அம்மா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நம் மொரீஷியஸ் தீவில் கேக்குக்குக் கிரியோல் மொழியில் ‘கத்தோ’ என்று பெயர். அந்தச் சொல்லை நம்பி யாரும் வாய் திறக்க முடியாது. முட்டை அடித்து, வெண்ணெய் குழைத்து, ஓவனில் வைத்து எடுத்தாலும் ‘கத்தோ’. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து, உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து எண்ணெயில் பொரித்தாலும் ‘கத்தோ’. கத்திரிக்காய் பஜ்ஜிகூட ‘கத்தோ’. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பருப்பை ஊறவைத்து, ஒன்றிரண்டாக அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் கிள்ளிப் போட்டு, உருட்டி எண்ணெயில் விடுகிறோமே, அதற்கு ‘கத்தோ பிமா’ என்று பெயர். மிளகாய்க் கேக்! பெற்றவளிடமே பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லி அறிமுகப்படுத்துவது போல.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து என் சம்பந்தி ஒருமுறை வந்திருந்தார். ஓட்டலில் உணவுப் பட்டியலைப் பார்த்து, ‘சில்லி கேக்’ என்றிருக்கிறதே, புதுசாக இருக்கிறதே என்று ஆசையாகச் சொன்னார். தட்டு வந்தது. மனிதர் ஒன்றை எடுத்தார், பிட்டார், முகர்ந்தார், பக்கத்து மேசையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என் காதருகே குனிந்து, “சம்பந்தி, இது மசால் வடை” என்றார். “மெதுவாகச் சொல்லுங்கள், இங்கே யாருக்கும் தெரியாது” என்றேன்.

வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நாலு வடையை நசுக்கி வைத்துக் காலையில் பஸ் நிலையத்தில் நின்றபடியே தின்கிறோம். அதன் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன். சூடாக இருந்தால் வெண்ணெய் உருகி மணிக்கட்டு வரைக்கும் வழியும். நானும் வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான் சட்டையைக் கெடுத்துக்கொள்கிறேன். என் தகராறு பெயரோடு மட்டும்தான்.

பெயர் என்றதும் பழைய புண் ஒன்று கிளம்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது நான் இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. நம் ரூபாய் நோட்டில் மேலே ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி. 1998இல் வந்த புது நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியிருந்தது. விட்டோமா? தீவே அதிரும்படி சத்தம் போட்டோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே புதிதாக அடித்தார்கள். ஒரு வரி கீழே இறங்கியதற்கு அத்தனை ரோஷம்! அதே நாம், அந்த நோட்டைக் கொடுத்தே, ‘கத்தோ பிமா’ பத்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்குப் போனோம். வடைக்காக ஒரு மனு கிடையாது, ஒரு கூட்டம் கிடையாது.

இத்தனைக்கும் கிரியோல்காரர்கள் நம் சொல்லை வேண்டாம் என்று தள்ளியவர்கள் இல்லை. கறிவேப்பிலையை இன்றுவரை ‘கரிபுலே’ என்றுதான் கேட்கிறார்கள். முருங்கைக் கீரை அவர்கள் வாயில் ‘ப்ரெட் முரும்’. ரசம் ‘ரசோன்’ ஆகிப் பிழைத்துக்கிடக்கிறது. புட்டைப் பாருங்கள், புட்டு மானஸ்தன். தெருவில் குழலிலிருந்து தள்ளி விற்கும்போதும் ‘புட்டு’ என்ற பெயரோடுதான் விலைபோகிறான். வடைதான் ரொட்டியும் வெண்ணெயும் கிடைத்ததும் ஊர் பேரை மாற்றிக்கொண்டது.

சரி, நீங்கள் சொல்வது ஓவனில் வைக்கிற கேக்தான் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் வெயிலில், லிச்சி பழுத்துத் தொங்குகிற புழுக்கத்தில், ஓவனைப் பற்றவைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றவரை யார் சோம்பேறி என்பார்கள்? வேறு ஏதாவது பெயர் இருக்கும், அதை எழுதினால் சந்தாவை நிறுத்திவிடுவீர்கள். இந்தத் தீவின் சீதோஷ்ணம் தெரிந்தவர்கள் ஓவனை நம்பவில்லை. மாயேபூரில் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் செய்கிறார்கள். காய்ந்த கரும்புத் தோகையை எரித்து, சூடேறிய தகட்டின் மேல் வாட்டி எடுப்பதுதான். கிட்டத்தட்ட நம் தோசைக்கல் சங்கதி. இன்னொன்றும் கேட்கிறேன்: என்ன சர்க்கரை போட்டீர்கள்? வெள்ளைதானே? இங்கிலாந்தில் கேக் சுடுகிறவர்கள் நம்மூர் மஸ்கோவாடோ என்ற பழுப்புச் சர்க்கரையைத் தேடி வாங்குகிறார்கள். கரும்புப் பாகு பிரியாமல் கூடவே இருப்பதால் கேக் மறுநாளும் ஈரம் காயாமல் இருக்கும். விளைகிற இடத்தில் இருந்துகொண்டு நாம் வெள்ளையை அள்ளிக் கொட்டுகிறோம்.

குழாய், கதவு, சுவர் என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. தீவு முழுவதற்கும் ஒரே சமயத்தில் லீவு. உங்களுக்குக் குழாயைக் கவனிக்க நேரம் கிடைக்கிற அந்த இரண்டு வாரமும் குழாய்க்காரர் ஃபிளிக்-அன்-ஃபிளாக் கடற்கரையில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடுகிறார். கொத்தனார் அடுத்த கூடாரம். கதவுக்குக் கீல் வாங்கலாம் என்று போனால் கடையில் ‘ஜனவரியில் சந்திப்போம்’ என்ற அட்டை. கேக்குக்கு வேண்டியது எல்லாம் வீட்டிலேயே இருந்தது, செய்தீர்கள். இதில் குற்றவுணர்ச்சிக்கு எங்கே இடம்?

ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே, தலைநகர் போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். கப்பல் துறைக்கு எதிரே அவருக்குச் சிலை நிற்கிறது. கல்லை அடுக்கிய நம் ஆட்களுக்குச் சிலை இல்லை. அது வேறு வழக்கு, இன்னொரு இதழில். அந்தக் கொத்தனார் வழி வந்தவன் என்று என் தாத்தா மார்தட்டுவார். அந்த வம்சத்தில் பிறந்த எனக்கு ஒரு ஆணியை நேராக அடிக்க வராது.

என் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். 1960இல் காரோல் புயல் மரவீட்டையும் தகர வீட்டையும் வாரிக்கொண்டு போன பிறகு, நாம் எல்லோரும் கான்கிரீட்டுக்கு மாறினோம். தட்டையான தளம் போட்டோம். தளத்துக்கு மேலே தூண் கம்பிகளை வெட்டாமல் அப்படியே நீட்டி விட்டோம், பிள்ளைக்கு ஒரு மாடி எழுப்பலாம் என்று. எந்த ஊருக்குள் போனாலும் வீட்டுக்கு வீடு உச்சியில் நாலு கம்பி குடுமி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். என் வீட்டுக் குடுமிக்கு வயது முப்பது. மாடிக்கு வரவேண்டிய மகன் பெர்த்தில் வீடு வாங்கிவிட்டான், அங்கே ஓட்டுக்கூரை. கம்பி மட்டும் இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது. காத்திருக்கிற இரும்பு சும்மா இருக்குமா? துருப்பிடிக்கிறது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட் வெடிக்கும், வெடிப்பில் மழை இறங்கும். ஆக, இல்லாத மேல்மாடியிலிருந்து என் படுக்கையறையில் தண்ணீர் சொட்டுகிறது. எந்த மழைக்கு எந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்பது என் மனைவிக்கு அத்துப்படி.

இந்த லீவில் நானும் ஒரு பட்டியல் போட்டேன். முதல் வேலை: கம்பிக்குத் துருத்தடுப்புப் பெயிண்ட் அடிப்பது. டப்பாவும் பிரஷுமாக ஏணியில் ஏறினேன். நாலு கம்பிக்கும் கயிறு கட்டி அவள் துணி காயப்போட்டிருந்தாள், நல்ல வெயில் வேறு. “இன்றைக்கு வேண்டாம், போர்வை நனைந்திருக்கிறது” என்று கீழேயிருந்து குரல் வந்தது. இறங்கி வந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“கத்தோ பிமா” என்றாள்.