நசரேயின் பேரலைகள்: எந்த நாளில் செல்வது, எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: பிப்ரவரியில் ஒரு வாரம் குடும்பத்துடன் லிஸ்பனில் தங்குகிறோம். நசரே என்ற பழைய மீனவ ஊரில் எழும் ராட்சத அலைகளை ஒரு நாள் சென்று பார்க்க ஆசை. எந்தத் தேதிக்கு முன்பதிவு செய்யலாம்? எழுபது வயதைக் கடந்த அம்மாவும் வருகிறார். அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேதியை இப்போது முடிவு செய்யாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பேரலைப் பருவம் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பருவத்திலும் பெரும்பாலான நாள்களில் நீங்கள் படங்களில் கண்ட அலை எழாது. லிஸ்பனில் இருக்கும் ஏழு நாள்களில் எந்த நாளையும் நசரேக்கு மாற்றிக்கொள்ளும்படி மற்ற திட்டங்களை அமைத்துக்கொள்வதே சரி.

காரணம் கடலடியில் இருக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கும் அதிக நீளமும், மிக ஆழமான பகுதியில் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நசரேயின் கரைக்கு வெகு அருகில் வந்து முடிகிறது. வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் அலைகள் இந்தப் பள்ளத்தின் வழியே வேகம் குன்றாமல் வருகின்றன; பக்கத்து ஆழமற்ற பகுதியில் வரும் அலைகளோ தரை தடுப்பதால் வேகம் குறைகின்றன. பள்ளத்தில் வந்த அலை வளைந்து திரும்பி மற்றதன்மேல் ஏறும் இடம்தான் ஊரை ஒட்டிய மலைமுனைக்கு வடக்கே உள்ள பிராயா து நோர்த்தே கடற்கரை. 2020 அக்டோபரில் ஜெர்மானிய அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய, 26.21 மீட்டர் என்று அளந்து கின்னஸ் ஏற்ற அலையும் இங்கே எழுந்ததுதான்.

ஆகவே, லிஸ்பனில் இறங்கியதும் கடல் முன்னறிவிப்பைக் கவனியுங்கள். அலை மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரவேண்டும். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் 15 நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. காற்று மெல்லியதாக, முடிந்தால் கிழக்கிலிருந்து வீசவேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்களே அதிகம். கடுங்காற்றில் உயர்ந்த அலையும் கலைந்து, வெறும் நுரையாகவே தெரியும்.

லிஸ்பனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். செட்டே ரியோஸ் நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நசரேயில் ரயில் நிலையம் இல்லை. அருகிலுள்ள வலாதோ நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வயதானவருடன் செல்வோருக்கு ரயிலை நான் பரிந்துரைப்பதில்லை.

பேருந்து உங்களைக் கீழ் ஊரில் இறக்கிவிடும். அங்குள்ள மணற்கரையில் நின்று பேரலையைத் தேடாதீர்கள். அது மலைமுனைக்கு மறுபுறம் எழுகிறது. நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த பாறையின் உச்சியில் இருக்கும் சித்தியோ பகுதிக்குச் செல்லவேண்டும். 1889 முதல் ஓடும் இழுவை ரயில் ஒன்று மேலே ஏற்றிச் செல்லும்; பராமரிப்புக்காக அது நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால் முன்பே விசாரித்துக்கொண்டு, இல்லையென்றால் டாக்ஸியில் செல்லுங்கள். சித்தியோவிலிருந்து கலங்கரை விளக்கம் உள்ள சாவ் மிகேல் கோட்டைக்குக் கால் மணி நேரம் இறக்கமாக நடக்கவேண்டும். போகும்போது எளிது, திரும்பும் ஏற்றம் அம்மாவை வருத்தும். அவரைக் கோட்டைவரை அழைத்துச் செல்லவேண்டிய அவசியமில்லை. சாலையின் மேற்பகுதியிலிருந்தே வடகடற்கரை நன்றாகத் தெரியும். பெரிய அலை நாள்களில் தடுப்புக் கயிற்றைத் தாண்டவோ வடகடற்கரை மணலில் இறங்கவோ கூடாது. குடை காற்றில் நிற்காது. தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டையும் வழுக்காத காலணியும் போதும்.

சித்தியோவில் இருக்கும்போது, பாறை விளிம்பில் உள்ள சிறிய நினைவுத் தேவாலயத்தையும் பாருங்கள். இந்தியப் பயணத்தையொட்டி வாஸ்கோ ட காமா இவ்வூர் மாதாவை வழிபட்டுச் சென்றார் என்பது இங்குள்ளோர் மரபு.

மீனவ ஊரைப் பொறுத்தவரை, மணலில் வரிசையாக நிற்கும் வண்ணப் படகுகள் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டவை. 1980களில் துறைமுகம் கட்டப்படும்வரை படகுகளை மாடுகளும் பின்னாளில் டிராக்டர்களும் மணலில் இழுத்து ஏற்றின. இப்போது மீன்பிடித் தொழில் ஊரின் தெற்கே துறைமுகத்துக்குப் போய்விட்டது. பெண்கள் மரச்சட்ட வலைகளில் மத்தியையும் கராப்பாவ் மீனையும் கருவாடாக உலர்த்துவதை மட்டும் இன்றும் கடற்கரையில் காணலாம், அதுவும் வெயில் அடித்தால்.

சாப்பாட்டில் கவனம் தேவை. காய்கறி சூப் என்று தருவதிலும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கலாம். 'இறைச்சியும் மீனும் வேண்டாம்' என்பதைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். முட்டை சேருமா என்பதையும் தனியாகக் கேட்கவேண்டும். கேளாமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும், தொட்டால் கட்டணம் உண்டு. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். நீங்கள் மீன் உண்பவரானால், எடைக்கு விலை குறித்திருக்கும் மீனை நிறுத்துக் காட்டச் சொல்லிப் பிறகு ஆர்டர் செய்யுங்கள்.

அந்த ஏழு நாள்களிலும் கடல் அடங்கியே இருந்தால், நசரேயில் அரை நாள் போதும். மீதி நேரத்துக்கு, காரில் இருபது நிமிடத் தொலைவில் உள்ள அல்கோபாசா மடாலயத்துக்குச் செல்லுங்கள். 1153இல் நிறுவப்பட்ட அந்த மடாலயத் தேவாலயத்தின் தரை பெரும்பாலும் சமதளம் என்பதால் அம்மாவுக்கும் சிரமம் இருக்காது.