உறுப்பு மாற்றியவர்களின் தோல்: வாசகர் கேள்விகள்

கே: சைக்ளோஸ்போரின் சாப்பிடும் என் மகளுக்கு முகத்தில் முடி வளர்கிறது. நிறுத்தலாமா? (மேலூர்)

ப: கூடாது. மாற்றிய உறுப்பை உடல் எதிர்க்காமல் காக்கும் அந்த மருந்தின் குணம் அது. வேறு மருந்துக்கு மாற்றினால் குறையும். மாற்றுவது உங்கள் நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர் வேலை. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: அப்பாவுக்கு இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம். வேளார் வீட்டில் அக்கி எழுதினோம். போதுமா? (சோழவந்தான்)

ப: காவி குளிர்ச்சிதான், வைரஸ் சாகாது. மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். தாண்டியிருந்தாலும் உறுப்பு மாற்றியவரை விடக் கூடாது. கடிதம் எழுதிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

கே: கிட்னி மாற்றி 3 வருடம். தொடையிடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் தந்த மஞ்சள் ட்யூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் இரண்டு மடங்காக வருகிறது. காப்ஸ்யூலும் சாப்பிடுகிறேன். (திருமங்கலம்)

ப: மஞ்சள் ட்யூப் என்றால் நான் என்ன கண்டேன்? பெயர் எழுதக் கூடாதா? சரி, ஊகிக்கிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சை அடியில் சுகமாகப் படரும், வளையத்துக்குள் வளையமாக. தொடையில் வரித்தழும்பு விழும், அது போகாது.

காப்ஸ்யூல்தான் என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இட்ராகொனசோலோ ஃப்ளூகொனசோலோ போன்ற பூஞ்சை மருந்து என்றால், மாற்றிய கிட்னியைக் காக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸை ஈரல் சிதைக்க விடாது. ரத்தத்தில் லெவல் ஏறிவிடும். இப்படித்தான் ஒருவர் வந்தார். கையிலிருந்த டீ கிளாஸ் நடுங்கிச் சட்டையெல்லாம் டீ. பையிலிருந்து எடுத்த அட்டையில் ஏழு காப்ஸ்யூல் காலி. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டைத் தாண்டியிருந்தது. படர்தாமரைக்காக, மனைவி கொடுத்த கிட்னியைப் பணயம் வைத்திருக்கிறார்! சீட்டில்லாமல் இதைத் தூக்கிக் கொடுப்பவர்களை என்ன சொல்ல?

இன்றே நெஃப்ராலஜி டாக்டரிடம் சொல்லி டாக்ரோ லெவல் பாருங்கள். காப்ஸ்யூலை நிறுத்தினாலும் லெவல் இறங்கும், அதனால் அதையும் அவர் சொல்லித்தான். பெரும்பாலும் டெர்பினாஃபின் என்ற வேறு பூஞ்சை மருந்து தருவோம், அதுவும் கிட்னி நிலவரம் பார்த்து.

கே: கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு? சித்திரைத் திருவிழாவுக்குப் போகலாமா? (செல்லூர்)

ப: உறுப்பு மாற்றிய வெள்ளைக்காரர்களுக்கு ஒருவகைத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 மடங்கு, 100 மடங்கு என்பார்கள். நமக்கு ரொம்பக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வெயில் படாத இடத்திலும், பிறப்புறுப்பிலும்கூட வரும், கூச்சப்படாமல் காட்டுங்கள். உறுப்பைக் காக்க அசாதயோப்ரின் என்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயில் கூடுதல் பகை. அழகர் ஆற்றில் இறங்குவது விடியலில்தானே? பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள்.

கே: எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் பொடி? (உசிலம்பட்டி)

ப: அந்தச் சக்தியை அடக்கத்தானே மாதாமாதம் மாத்திரைக்குச் செலவழிக்கிறீர்கள்? வேண்டாம்.