மோட்டார் மாத்தணுமா? மொதல்ல ஃபுட் வால்வ பாருங்க

கேள்வி: சார், எங்க வீட்டு சம்புல இருந்து மாடி டேங்குக்கு தண்ணி ஏத்துறது அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார், வாங்கி 3 வருஷம்தான் ஆகுது. இப்போ தினம் காலைல ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினாதான் எடுக்குது, இல்லன்னா வெறும் சத்தம்தான். பிளம்பர் மோட்டார் வீக் ஆயிடுச்சு, 1 ஹெச்பி வாங்குங்கங்கறாரு. பொங்கலுக்குதான் புது ஃபுட் வால்வு (சம்புக்குள்ள பைப்போட அடி முனைல, தண்ணி திரும்ப இறங்காம தடுக்கற வால்வு) போட்டோம், அதனால அது இருக்காதாம். எந்த மோட்டார் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. தண்ணி ஊத்தினப்புறம் டேங்க் எப்பவும்போல ரொம்புதுன்னா மோட்டார் நல்லாதான் இருக்கு. ராத்திரி பூரா பைப்புல நிக்க வேண்டிய தண்ணி சம்புக்கே இறங்கிடுது, காலைல உள்ள இருக்கறது காத்து, அத வச்சுகிட்டு மோனோபிளாக் ஒண்ணும் இழுக்காது. 1 ஹெச்பி வாங்கினாலும் அதே பைப்புலதான மாட்டப்போறாரு, மறுநாளும் நீங்க சொம்போடதான் நிப்பீங்க.

மெயின ஆஃப் பண்ணிட்டு, தண்ணி ஊத்துற மூடிய கழட்டி விளிம்பு வரைக்கும் ஊத்தி ஒரு கால் மணி நேரம் சும்மா பாருங்க. மட்டம் இறங்கி, மோட்டாருக்கு கீழயும் சொட்டலன்னா பெரும்பாலும் வால்வு ஒழுங்கா மூடல, அவ்ளோதான். மட்டம் அப்படியே நின்னா வால்வு மேல தப்பில்ல, சம்புல இருந்து மோட்டாருக்கு வர்ற சக்‌ஷன் பைப் ஜாயின்ட்ல எங்கயாவது காத்து இழுக்குதான்னு பாக்கணும். இதுல எல்லாரும் ஏமாறுவாங்க, ஏன்னா சக்‌ஷன் ஜாயின்ட் ஓட்டையா இருந்தாலும் மோட்டார் ஓடும்போது வெளிய ஒரு சொட்டு வராது, உள்ளதான் இழுக்கும். மோட்டார் ஓடறப்போ ஷேவிங் நுரைய ஜாயின்ட்ல தடவுங்க, எங்க உள்ள போகுதோ அங்கதான் ஓட்டை.

புது வால்வு போகாதுன்னு யார் சொன்னது? வாஷர் நடுவுல ஒரு பொடிக்கல், இல்ல பைப் அறுத்த பிசிறு, பிரிஞ்சு போன டெஃப்லான் டேப், எது மாட்டினாலும் போச்சு. சம்பு தரையில படுத்த மாதிரி வச்சிருந்தா சேறு ஏறும், மூடியும் சரியா உக்காராது. பைப்ப இணைக்கற யூனியன கழட்டி பைப்போட மேல தூக்கி (சம்புக்குள்ள இறங்காதீங்க) கழுவிட்டு, வாளிக்கு மேல தலைகீழா இல்லாம நேரா புடிச்சு உள்ள தண்ணி ஊத்தி பாருங்க, ஒழுகலன்னா அதையே மாட்டலாம், தரைல இருந்து முக்கால் அடி, ஒரு அடி உசரத்துல நிக்கணும்.

மாத்தறதா இருந்தா பித்தளை, கைல எடுத்தா கனமா இருக்கணும், சக்‌ஷன் பைப் 1 இஞ்ச்னா வால்வும் 1 இஞ்ச்தான், ரெட்யூசர் போட்டு சின்னதா மாட்ட விடாதீங்க. விவசாய பம்ப்செட் ஃபுட் வால்வுக்கு ஐஎஸ் 10805னு ஒரு தரமே இருக்கு, ஐஎஸ்ஐ முத்திரையோட கேட்டு பாருங்க. செலவு புது மோட்டார் விலைல ஒரு துளிதான். பில் வாங்குங்க, வால்வு சீக்கிரமே கெட்டுப்போய் கடைக்காரர் கைய விரிச்சா 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடுங்க.

டெலிவரில, அதாவது மோட்டார்ல இருந்து மாடிக்கு போற பைப்புல, ஒரு என்ஆர்வி (தண்ணிய ஒரே பக்கமா விடற வால்வு) போட்டா சரியாயிடும்னும் சிலர் சொல்வாங்க. அது மேல இருக்கற தண்ணியதான் நிறுத்தும், சக்‌ஷன் பைப் காலியாகறத தடுக்காது.

கேள்வி: ஃப்ளாட்ல பிரஷர் பம்ப் இருக்கு. யாரும் குழாய திறக்காமலே ராத்திரி 2 மணிக்கு அதுவா ஓடி நிக்குது. பேய் பிசாசுனு மாமியார் ஆரம்பிச்சுட்டாங்க. என்ஆர்வி போயிடுச்சா?

பதில்: இருக்கலாம். பம்புக்கு அப்புறம் வீட்டுக்கு போற கேட் வால்வ தூங்கறதுக்கு முன்னாடி இறுக்கி மூடுங்க. அப்பவும் ஓடினா என்ஆர்வி வழியா தண்ணி பின்னாடி போயி பிரஷர் இறங்குது, அதான் பம்ப் தானா ஓடுது, பிரிச்சு கழுவுங்க, திரும்ப மாட்டும்போது அம்புக்குறி தண்ணி போற பக்கம் பாக்கணும். ஓடலன்னா ஒழுக்கு வீட்டுக்குள்ள, பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான். அதுல நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம இருங்க, கோப்பைல நீலம் வந்தா மாமியாரையும் கூப்பிட்டு காட்டுங்க.