ஜெல்லிமீனைத் தின்றே இரண்டரை டன்னா? சூரியமீன் கேள்வி பதில்

வாலில்லாத பெரிய மீனான கடல் சூரியமீனைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சொறி முழுக்கத் தண்ணிதானே? அதைத் தின்னு எப்படி இவ்வளவு பெரிசாகுது?

பதில்: சரியான சந்தேகம். ஜெல்லிமீன் என்கிற சொறியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை மட்டும் நம்பி உடம்பு வளர்ப்பது ரசம் குடித்தே பயில்வான் ஆவது போலத்தான். சூரியமீனுக்குச் சொறிதான் தீனி என்று காலங்காலமாக எழுதிவிட்டார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்ச்சுகல் கடலில் பிடிபட்ட மீன்களின் வயிற்றில் கிடந்ததை டிஎன்ஏ மூலம் பிரித்துப் பார்த்தார்கள். இறால் இனங்கள், சிறு மீன்கள், சிப்பி இன உயிர்கள் என்று பட்டியல் நீண்டது. இளம் மீன்கள் கரையோரமாக அடித்தரையில் மேய்கின்றன. வளர்ந்த பிறகுதான் சொறிப்பக்கம் சாய்கின்றன.

அப்போதும் முழுசாக விழுங்குவதில்லை. ஜப்பானில் மீனின் முதுகில் கேமரா கட்டிப் பார்த்தபோது, பெரிய சொறிகளில் சத்து நிறைந்த இனப்பெருக்க உறுப்புகளையும் வாயைச் சுற்றித் தொங்கும் கைகளையும் மட்டும் கடித்துக்கொண்டு, குடை போன்ற பகுதியை விட்டுவிட்டுப் போனது தெரிந்தது. பலாவில் சுளையை எடுத்துக்கொண்டு சக்கையை ஒதுக்குகிற மாதிரி. நல்ல தீனி கிடைத்தால் எப்படி வளரும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் சாட்சி: அங்கே 26 கிலோவாக வந்த ஒன்று, ஓராண்டுக்குச் சற்று மேல் போனதும் 399 கிலோ ஆகிவிட்டது. ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள்.

கேள்வி: தண்ணிக்கு மேல பக்கவாட்டுல படுத்துக் கிடக்குதே, சோம்பேறி மீனா சார்?

பதில்: 'சார்' இல்லை, அக்காதான், பரவாயில்லை. சோம்பேறி என்ற பேர் அதற்கு அநியாயம். ஜப்பானின் கரையோரக் கடலில் மீனுக்கு வெப்பமானி பொருத்திப் பார்த்தபோது, அது 100 முதல் 200 மீட்டர் ஆழத்துக்கு மறுபடி மறுபடி இறங்கி, அங்கே சங்கிலிபோல நீண்டு மிதக்கும் ஜெல்லி உயிரிகளை வேட்டையாடியது. அந்தக் குளிரில் உடம்பு சில்லிட்டுப்போகும். மேலே வந்து கிடப்பது சூடேற்றிக்கொள்ளத்தான். சூடேறியதும் அடுத்த முழுக்கு. நாம் பார்ப்பது வேலைக்கு நடுவில் அது எடுக்கும் இடைவேளையை மட்டும். அந்த நேரத்தில் தோலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கடற்பறவைகள் கொத்தி எடுப்பதும் உண்டு.

கேள்வி: வாலை யார் வெட்டினாங்க?

பதில்: யாரும் வெட்டவில்லை, வளரவே இல்லை! வால் இருக்க வேண்டிய இடத்தில் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நீண்டுவந்து சேர்ந்த ஒரு மடிப்புதான் இருக்கிறது. அதைச் சுக்கான் போலத் திருப்ப உதவியாக வைத்துக்கொள்கிறது. மேலும் கீழும் நிற்கும் பெரிய துடுப்புகள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் அசைத்து நீந்தும். காற்றுப்பையும் கிடையாது, தோலுக்கு அடியில் கெட்டியான கூழ்ப்படலம் மிதக்க வைக்கிறது. இது நம் பேத்தை மீனுக்குச் சொந்தக்காரன். பற்கள் ஒட்டிச் சேர்ந்த அலகு வாயைப் பாருங்கள், அப்படியே பேத்தை. சில மில்லிமீட்டர் குஞ்சாக இருக்கையில் உடம்பெல்லாம் முள்ளோடு நட்சத்திரம் மாதிரி இருக்கும்.

கேள்வி: 30 கோடி முட்டை உண்மையா?

பதில்: ஒன்றரை மீட்டர் நீளப் பெண் மீன் ஒன்றின் சூலகத்தை வைத்துப் போட்ட பழைய கணக்கு அது. எல்லா மீனுக்கும் அதையே பொருத்த வேண்டாம்.

கேள்வி: உலகத்திலேயே கனமான மீன் இதுதானா?

பதில்: எலும்பு மீன்களில் ஆம். திமிங்கலச் சுறா குருத்தெலும்பு மீன், அது வேறு கணக்கு. 2021 டிசம்பரில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் ஃபையால் தீவு அருகே இறந்து மிதந்த ஒன்று 2,744 கிலோ. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த சூரியமீன் இனமான மோலா மோலா அல்ல, அதே குடும்பத்தில் நெற்றி புடைத்த இன்னொரு இனமான மோலா அலெக்சாண்ட்ரினி. செய்திகளில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: சாப்பிடலாமா?

பதில்: ஜப்பானிலும் தைவானிலும் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் குடும்ப மீன்களை விற்கத் தடை.

கேள்வி: பயந்தாலே செத்துரும்னு சொல்றாங்களே அக்கா?

பதில்: ஜப்பானிய மொபைல் விளையாட்டு ஒன்று பரப்பிய கதை அது. ஆனாலும் கொஞ்சம் மனசு உள்ள மீன் போலத்தான் தெரிகிறது. 2024 டிசம்பரில் ஜப்பானின் ஷிமோனோசெகி நகரின் கைகியோகான் மீன்காட்சியகத்தைப் பழுதுபார்ப்புக்காக மூடினார்கள். அங்கிருந்த சூரியமீன் தீனி எடுக்காமல் தொட்டிச் சுவரில் உரசிக்கொண்டே இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத ஏக்கமோ என்று ஒருவர் யோசித்தார். ஊழியர்கள் தங்கள் சீருடைகளைத் தொங்கவிட்டு, மேலே மனித முகப் படங்களை வைத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். மறுநாளே மீன் தேறிவிட்டதாம்.